ஓவியர் கண்ட ஆரூரர்

திருக்குடமுழுக்கிற்கு ஆயத்தமாகும் திருக்கோயில்களில் ஒரு வினா தவறாது எழக் காண்கின்றோம். விமானம் வண்ணம் பெற்றது. கோபுரத்துச் சுதையுருவங்கள் சீர்பெற்றன. இனி மண்டபச் சுவரிலும் விதானத்திலும் எதனை எழுதுவது? திருப்பணிச் செல்வர்கள் ஓவியரை நோக்குகின்றனர். ஓவியர் செல்வர்களை நோக்குகின்றார். முடிவில் ஓவியர் தம் பையிலுள்ள நாட்காட்டிப் படங்களை எடுத்து விரிக்கின்றார். அவற்றுள் நான்கைந்து தேர்ந்தெடுக்கப்பெறுகின்றன. ஒரு திங்களுக்குள் சுவர் நிறைந்துவிடுகின்றது. ஈரோட்டிற்கு அணித்தாயதொரு கோயிற் சுவரும் பொள்ளாச்சிக்கு அணித்தாயதொரு கோயிற் சுவரும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒத்திருத்தற்கு ஏது இஃதேயாம்.

அப்படங்களை வரைந்தோரைக் குறைகூற யான் புகுந்திலேன். திருவாங்கூர் நாட்டு இரவிவர்மா 1894-ஆம் ஆண்டளவில் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் படங்களை அச்சிட்டுப் பரப்பினார். அதனால் எளியோர் வீட்டுச் சுவரிலும் திருமகளும் கலைமகளும் எழுந்தருளினர். தென்பாண்டி நாட்டில் கோவிற்பட்டிக் கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணாக்கரும் வரைந்த தெய்வத் திருவுருவங்கள் நாட்காட்டிகளின் வாயிலாக ஊர்தோறும் சென்றன. வீட்டில் வழிபடுவோர்க்குத் திருமுகத்தை நேரே காட்டுதல் அப்படங்களின் தொழில். அதனை அவை செவ்வனே செய்தன. கோயிற் சுவருக்குரிய தொழில் வேறு. அங்கே இறைவன் கருவறையில் எழுந்தருளியிருக்கின்றான். வலம் வரும் அடியவர்க்கு அவன் அருட்செயல்களை அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு உடன்வருவது சுவர். நாட்காட்டியிலிருந்து பெயர்த்த படம் அவ்விடத்தில் வாய் பேசாது நிற்கின்றது.

பண்டைத் தமிழர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைக் காட்டுகின்றது. முருகனை வழிபட வந்தோர் அம்மண்டபத்து ஓவியங்களைச் சுட்டி, இவர் யாவர் என வினவுகின்றனர். உடன்வந்தோர், இவன் காமன், இவள் இரதி, இவள் கல்லுருக்கொண்ட அகலிகை என விடை பகர்கின்றனர். சுவரோவியத்திற்கு இலக்கணம் கூறவேண்டின் இதனினும் சிறந்ததொன்று எனக்குத் தோன்றவில்லை. கண்ட குழந்தை வினவுதல் வேண்டும். அருகிலிருக்கும் பாட்டி விடை கூறுதல் வேண்டும். பாட்டிக்கும் தெரியாத வடநாட்டுக் கதையாயின் அங்கே உரையாட்டு நின்றுபோம்.

பல்லவர் காலத்தை விரைந்து கடப்போம். மகேந்திரவர்மன் தன்னைச் சித்திரகாரப்புலி என அழைத்துக்கொண்டான். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சிறு கோயில்களில் மறைந்துகிடந்த ஓவியங்களைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931-இல் வெளிப்படுத்தினார். உமையும் கந்தனும் உடனாய பெருமானின் திருக்கோலம் அங்கே சிதைந்த நிலையில் காணப்படுகின்றது. நம் பொருள் விளைந்திருப்பது தஞ்சையில், ஆண்டுச் செல்வோம்.

அதே 1931-ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி என்பார் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றினுள் புகுந்தார். நாயக்கர் காலத்து ஓவியம் பெயர்ந்து உதிர்ந்த இடங்களில், அதன்கீழ் வேறோர் ஓவியம் இருத்தலைக் கண்டார். அது முதலாம் இராசராசன் காலத்தது. கோயில் குடமுழுக்குக் கண்ட 1010-ஆம் ஆண்டை ஒட்டியது. பின்னர் எஸ். பரமசிவன் என்னும் வேதியியல் அறிஞர் அச்சாந்தையும் வண்ணங்களையும் ஆராய்ந்து, சுண்ணச் சாந்து ஈரமாயிருக்கும்பொழுதே தீட்டிய முறை இஃது என்றார். ஈரம் உலர்வதற்குள் கோடு முடிதல் வேண்டும்; பிழைப்பின் சாந்தைப் பெயர்த்து மீண்டும் பூசுதல் வேண்டும். ஆதலின் தூரிகையைத் தொடுமுன்னரே அவ்வோவியர் உள்ளத்தில் படம் முழுதும் நிறைந்திருந்தது என்பது தெளிவு. என்ன எழுதுவது என்று சுவர்முன் நின்று மயங்கியவர் அல்லர் அவர்.

அவர்கள் எழுதியவை யாவை? முப்புரம் எரித்த பெருமான் ஒருபால். தில்லைக் கூத்தனைத் தொழும் அரச குடும்பத்தினர் ஒருபால். இவற்றோடு, நெடிய சுவரொன்று முழுதும் நம்பியாரூரர் வரலாறு. திருமணத்தின்பொருட்டு நிகழும் அடுக்களைப் பணிகள் அதிற் காணப்பெறுகின்றன. கையில் ஓலையோடு முதிய வேதியர் ஒருவர் வந்து நிற்கின்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அவ்வோலையை ஆராய்கின்றனர். மேற்பகுதியில் வெள்ளானைமீது ஆரூரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகின்றனர். அனைத்திற்கும் மேலே, புலித்தோல்மீது அமர்ந்த பெருமான் திருமுன் ஆடல் நிகழ்கின்றது.

இராசராசன் தன் போர்களை எழுதுவித்திருக்கலாம். அவனுக்கு வெற்றிகள் குறைவில்லை. அவை யாவும் புறத்தே கல்லில் மெய்க்கீர்த்தியாக நிற்கின்றன. அகத்தே, இறைவனுக்கு மிக அணித்தாய இடத்தில், அவன் காலத்து ஓவியர் எழுதியது, தமக்கு அடிமையோலை எழுதிக்கொடுத்ததாக வழக்கிட்டு இறைவன் ஆட்கொண்ட ஓர் அடியவரின் வாழ்க்கை. திருப்பணிச் செல்வர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133–1150). தஞ்சை ஓவியம் அதற்கு ஏறத்தாழ 120 ஆண்டு முற்பட்டது. அங்ஙனமாயின் அவ்வோவியர்க்குப் பொருள் எங்கிருந்து கிடைத்தது? ஆரூரர் தம் பதிகங்களிலேயே, தம்மை வெண்ணெய்நல்லூரில் வைத்து ஆட்கொண்ட செயலைக் குறிப்பிடுகின்றார். ஆனைமீது செல்லும்பொழுது பாடிய இறுதிப் பதிகத்தில், தமக்கு ஆனை தந்தருளிய திறத்தைப் போற்றுகின்றார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியோ மிகச் சுருங்கியது. கோயில்தோறும் ஓதப்பெற்ற பதிகமும் அடியார் வாய்மொழியும் ஆகிய இவையே ஓவியர்தம் கருவூலம். அப்பெரிய கோயிலிலேயே நம்பியாரூரர்க்கும் நங்கை பரவையார்க்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவிக்கப்பெற்றமையைக் கல்வெட்டுக் கூறுகின்றது. அடியவர் வரலாறு அக்காலத்தார் நாவில் வழங்கியது. ஆகலின் சுவரிலும் ஏறியது.

ஓவியம் பாட்டின் பின்னே குற்றேவல் செய்துவருவது எனக் கருதுவார் உளர். அவர் தஞ்சையை நினைத்தல் வேண்டும். ஈண்டு ஓவியம் முந்திச் சென்றது. பெருங்காப்பியம் பின்னர் வந்தது. சேக்கிழார் அவ்வோவியத்தைக் கண்டிருத்தல் கூடும் என்பது என் கருத்து. சோழர்தம் அமைச்சராயிருந்தவர்க்கு அவ்வுட்சுற்றின் வாயில் அடைத்திருக்குமோ?

காப்பியம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே கலை அதனைப் பற்றிக்கொண்டது. இரண்டாம் இராசராசன் (1146–1173) எடுப்பித்த தாராசுரத்துத் திருக்கோயிலில், விமானத்தின் புறச்சுவர் அடியில் அடியார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசையுற்றுள்ளன. அவற்றின்மேல் பெயர்ப் பொறிப்பும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவினதாயினும் கதை விளங்குகின்றது. அவற்றுள் ஒன்று நம் நாட்டுக் கதை. முதலை வாயினின்றும் பிள்ளை வெளிப்படும் அவிநாசி நிகழ்ச்சி அது. காவிரிக் கரைச் சிற்பி நொய்யற் கரைப் பக்கத்துக் கதையைத் தேடிக்கொண்டான். இக்கரையிலிருக்கும் நாம் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கின்றோம்.

கொங்கு நாட்டிற்கு ஓவியம் புதிதன்று. கோவைக்கு மேற்கே குமிட்டிபதியின் குன்றுக் குகையில், ஆனையையும் மாந்தரையும் வெண்ணிறத்தால் எழுதிய பழம்பெரும் பாறை ஓவியங்கள் உள்ளன. சைவம் தழைத்த பின்னர், இந்நாட்டு ஓவியர்க்கு ஒரு பெருஞ்செல்வம் வாய்த்தது. தஞ்சை ஓவியத்தின் மேற்பகுதியில் ஆரூரர் வெள்ளானைமீது செல்கின்றார் அன்றோ? அதற்கு முன்னர் அவர் சேரநாட்டிற்கு நடந்த வழி கொங்கு வழியேயாம். ஆனை ஏறிய ஆரூரரைத் தஞ்சை எழுதியது. மண்ணில் நடந்த ஆரூரரை எழுதும் உரிமை நமக்கு உரியது.

திருமுருகன்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சேரமான் பெருமாள் அளித்த பொருட்குவையோடு ஆரூரர் மீளும்பொழுது, இறைவன் பூதகணங்களை வேடுவர் வடிவிற் செலுத்தி அதனைப் பறிப்பித்தான். ஆரூரர் கோயிலுட் சென்று, வழிப்போவாரை அடித்துப் பறிக்கும் வடுகவேடுவர் வாழும் இவ்விடத்தில் நீர் எதற்காக இருக்கின்றீர் என உரிமையோடு வினவிப் பதிகம் பாடினார். பறித்த பொருள் யாவும் கோயில் வாயிலில் குவிந்தன. அவ்வேடுவரின் தோற்றமும் கொடுமையும் அப்பதிகத்திலேயே உள்ளன. ஓவியர் வேறெங்கும் ஆடையணி தேடவேண்டுவதில்லை. அத்திருக்கோயிலில் ஆரூரர் திருவுருவம் இருவகையாகக் காட்டப்பெறும்: பொருளை இழந்து கவன்ற முகம் ஒன்று, மீளப் பெற்று மலர்ந்த முகம் ஒன்று. சிற்பி செய்த திறத்தை நோக்குக. வில்லும் அம்பும் ஆரவாரமும் காட்டி நம்மை மருட்டினான் அல்லன். ஒரே முகத்தை இருமுறை வடித்து, இடையில் நிகழ்ந்த கதை முழுதும் நம் உள்ளத்தில் ஓடச் செய்துவிட்டான். மாசித் திங்களில் நிகழும் வேடுபறி விழாவைக் கண்டோர்க்கு அவ்விரு முகங்களும் விளங்காமற் போகா.

அவிநாசி நிகழ்ச்சி இதனினும் ஆழ்ந்தது. இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இதனை எழுதப் புகும் ஓவியர் அனைவரும் முதலையை எழுதி அமைகின்றனர். ஆரூரர் பாடிய பதிகத்தில், முதலை பிள்ளையைத் தருமாறு காலனுக்குக் கட்டளையிடுக என இறைவனை வேண்டும் குறிப்பு மட்டுமே உள்ளது. சேக்கிழார் அதனைக் கொண்டு ஒரு தெருவையே படைத்துவிடுகின்றார். ஆரூரர் திருப்புக்கொளியூர் மாட வீதியில் வருகின்றார். எதிரெதிரே இரு வீடுகள். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகை ஒலி. இஃது என்னை என வினவுகின்றார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் மடுவிற் குளிக்கச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று பூணூற் கலியாணம். இழந்த வீட்டார் தம் மகனை நினைந்து அழுகின்றனர் என்கின்றனர் அந்தணர்.

இனி நிகழ்வதே கதையின் உயிர். மகனை இழந்த தாயும் தந்தையும், வந்தவர் வன்றொண்டர் என்று அறிந்தவுடன் கண்ணீரை மறைத்து மலர்ந்த முகத்தோடு வந்து அடிபணிகின்றனர். மகவை இழந்தவர் நீவிரோ என அவர் வினவ, அது முன்னரே நிகழ்ந்தது. நெடுநாளாக உம்மைக் காண விரும்பியிருந்தோம். அவ்வன்பு வீண்போகாமல் எழுந்தருளினீர் என்கின்றனர். பெற்ற துயரையும் மறக்கும் அவ்வன்பு ஆரூரர் உள்ளத்தைத் தாக்கிற்று. அப்பிள்ளையை மீட்டுக்கொடுத்தன்றி அவிநாசியப்பரைப் பணியேன் என்று மடுவினை நோக்கி நடக்கின்றார். நான்காம் திருப்பாட்டு முடியுமுன், கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடும் பிள்ளை முதலை வாயினின்றும் கரையேறுகின்றான்.

முதலையும் பிள்ளையும் வியப்பைத் தரும். ஆனால் அவ்வியப்பிற்கு வேர் அத்தெருவில் உள்ளது. எதிர்வீட்டு மங்கல ஒலியைக் கேட்டுக்கொண்டே கண்ணீரைத் துடைத்து எழும் தாயின் முகத்தை எழுதவல்ல ஓவியர் உளராயின், அடியார் பெருமை என்பது யாதென அச்சுவரே சொல்லும். நாட்காட்டியில் அம்முகம் இல்லை. யான் அறிந்தவரை அதனை முழு அளவில் எழுதிய சுவரும் நம் பக்கத்தில் இல்லை.

பேரூரில் வேறொரு சுவை. அழகாத்திரி நாயக்கர் எடுப்பித்த கனகசபையில் ஊர்த்துவ தாண்டவரும் ஆனையுரித்த பெருமானும் வீரபத்திரரும் ஆளுயரத்திற்கு மேற்பட்ட கற்றூண்களில் வீறுடன் நிற்கின்றனர். காண்போர் கண் அவ்விடத்தே தங்கிவிடுதல் இயல்பு. எனினும் பேரூர்க்கே தனியுரிமையாகிய கதை அவ்வீரத்தில் இல்லை, வயலில் இருக்கின்றது. ஆரூரர் பொருள் வேண்டி வருவதை அறிந்த பட்டிப் பெருமான், அம்மையோடும் உழவர் கோலம் கொண்டு நாற்று நடச் சென்றுவிட்டான். சொல்லாதே என்று பெருமான் பணித்திருந்தும் நந்தி கண்ணாற் காட்டிவிட்டது. திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர் பாடிய பேரூர்ப் புராணம் இத்தலத்துப் பெருமைகளை விரிக்கின்றது. ஆனித் திங்களில் நாற்று நடவு விழா நிகழ்கின்றது. முழங்கால் அளவு சேற்றில் நிற்கும் பெருமானையும், நாற்று முடியைக் கையிலேந்திய பெருமாட்டியையும், வரப்பில் நிற்கும் ஆரூரரையும், கள்ள விழியால் நோக்கும் நந்தியையும் எழுதினால், வேளாண் குடியிற் பிறந்த நம் மக்கள் அப்படத்தின்முன் நகராது நிற்பர்.

திருச்செங்கோட்டில் குளிர்சுரத்தால் நலிந்த அடியவர்க்காகச் சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் அருளியதும், கருவூரில் சிவகாமியாண்டாரின் பூங்கூடையைச் சிதைத்த பட்டத்து ஆனையை எறிபத்தர் வெட்டி வீழ்த்தியதும், கொடுமுடியில் ஆரூரர் நமச்சிவாயப் பதிகம் பாடியதும் இங்ஙனமே நம் சுவர்களுக்கு உரியவை. இவற்றைக் கற்க விரும்பும் ஓவியர்க்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கோவை வழக்கறிஞர் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961) பெரியபுராணத்திற்கு எழுதிய பேருரை உள்ளது. தலந்தோறும் நிகழ்ந்தவற்றை அவர் விளக்கிச் செல்லுமிடங்கள், சொல்லப்போனால், ஓவியர்க்கென்றே எழுதியவை போலும்.

பழைய ஓவியத்தைப் பார்த்து அவ்வாறே எழுதுதல் முறையோ எனச் சிலர் வினவுவர். பார்த்து எழுதுதல் பயிற்சி, அதுவே முடிவாகாது. வங்க நாட்டு நந்தலால் போஸ் தம் இளமையில், 1909 முதல் 1911 வரை நடைபெற்ற அசந்தா ஓவியப் படியெடுப்பில் ஆங்கில அம்மையார் எரிங்காம் என்பாருடன் பணிசெய்தார். அப்பயிற்சி பெற்ற கை, 1938-இல் அரிபுரா காங்கிரசு மாநாட்டுப் பந்தலுக்கு எழுதியது சிற்றூர் மக்களின் தொழில்களை. தமிழகத்து எஸ். ராஜம் (1919–2010) அசந்தாவிலும் சித்தன்னவாசலிலும் பழைய கோடுகளைக் கண்டு பயின்றவர். இசைவாணராகவும் இருந்தமையால், அந்நெறியைக்கொண்டு இசை மும்மூர்த்திகளுக்கு அவர் வரைந்த உருவமே இன்று பலர் உள்ளத்தில் நிற்பது. பழமை இவர்களுக்குக் கண்ணைத் தந்தது. பொருளை அவர்கள் தத்தம் நாட்டிலும் தொழிலிலும் கண்டுகொண்டனர்.

புதிய சுவரைப் பற்றி இதுகாறும் கூறினேன். பழைய சுவரைப் பற்றிக் கூறுவது இனும் இன்றியமையாதது. ஏனெனில் புதியது பிழைபடின் மீண்டும் எழுதலாம். பழையது போயின் போயதே. தஞ்சைச் சோழ ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தார் சாந்து பூசி வேறு படம் எழுதினர். அவரும் பத்தியுடையாரே, கோயிலைப் புதுப்பிக்கின்றோம் என்றே கருதியிருப்பர். தொல்லியல் துறையினர் பிற்காலத்தில் மேற்படலத்தைச் சிதையாமற் பெயர்த்தெடுத்துத் தனியே பதித்து, கீழ்ப்படலத்தை வெளிப்படுத்தினர். அத்தகைய நற்பேறு எல்லாக் கோயிலுக்கும் வாய்ப்பதில்லை. மதுரையில் பொற்றாமரைக் குளத்தைச் சூழ்ந்த திருச்சுற்றில் எழுதியிருந்த பழைய திருவிளையாடல் ஓவியங்களிற் பெரும்பகுதி இன்று இல்லை. மணலை விசையோடு பாய்ச்சிக் கல்லைத் துலக்கிய கோயில்களில் சிற்பங்களின் மூக்கும் விழியும் மழுங்கியதைப் பலரும் கண்டிருப்பர்.

ஆகவே, குடமுழுக்கிற்குப் பொருளுதவுவோர் சாரம் கட்டுமுன் ஒன்று செய்தல் வேண்டும். விளக்கொன்றை ஏந்தி மண்டபத்து விதானத்தையும் சுவரின் மேற்பகுதியையும் பாருங்கள். கரும்புகையின் கீழ்ச் செங்காவிக் கோடு ஒன்றேனும் தெரிந்தால், சுண்ணம் பூசுவாரை நிறுத்துங்கள். புகைப்படம் எடுப்பித்து, தொல்லியல் அறிந்தாரை அழையுங்கள். மேற்றளத்து ஒழுக்கை அடைத்தலே பாதி காப்பு. எண்ணெய் வண்ணம் பழஞ்சுண்ணத்தின்மேல் ஏறினால் ஈரம் உள்ளே தங்கி, சில ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்து செதிளாக உதிரும். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் 17-ஆம் நூற்றாண்டளவில் எழுதிய முசுகுந்தன் வரலாறு இந்நூற்றாண்டில் வல்லுநரால் தூய்மைசெய்து காக்கப்பெற்றது, மேலெழுதப்பெறவில்லை. அவ்வோவியர் எடுத்துக்கொண்டதும் தம் ஊர்த் தியாகேசர் கதையேயாகும். சிங்காதனம் என்னும் தம் பெயரையும் அவர் அங்கே பொறித்துவைத்தார். மாமன்னன் கோயிலில் எழுதிய தஞ்சை ஓவியர் பெயரை நாம் அறியோம். ஆரூர் ஓவியர் பெயரை அறிவோம்.

பழைய ஓவியம் ஏதும் இல்லாத வெறுஞ்சுவர் வாய்த்த கோயிலார்க்கு ஒரு விண்ணப்பம். வலம் வரும் வழியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் இரண்டு இருக்குமாயின், ஒன்றில் பூணூற் கலியாண வீட்டை எழுதுவியுங்கள். எதிரில் மகனை இழந்த வீட்டை எழுதுவியுங்கள். முதலையை அவ்வழியின் கோடியில், திரும்பும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட வெளி திருப்புக்கொளியூர் வீதியாகும். அதில் நடந்து வருவோர் எவராயினும், ஒருபால் மங்கலமும் ஒருபால் அழுகையும் கண்டு, ஆரூரர் நின்ற இடத்திலேயே சற்று நின்று, இஃது என்னை என வினவிச் செல்வர்.